ஊரை விட்டுப் போனால் 15 லட்சம்

பிஎம் ஜன்மன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை கொடுத்த மூன்றாண்டுக் கணக்கு 2026 மார்ச் 31 வரைக்கானது. அந்தத் தேதியை ஒட்டிக் கூடலூர், மசினகுடி, கோத்தகிரிப் பக்கமிருந்து கடிதங்கள் குவிந்தன. பல கடிதங்களில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஜன்மன் வீட்டுக்கு மனு கொடுத்தவர், ‘அந்தப் 15 லட்சம் இதுதானா?’ என்கிறார். 15 லட்சத்தை வேண்டாம் என்றவர், மார்ச்சுக்குப் பிறகு ஊரை விட்டுத் துரத்துவார்களா என்று கேட்கிறார். வன உரிமைச் சட்டப்படி மனுப் போட்டவருக்கோ, தன் மனுவுக்கும் இதே கெடுவா என்ற பயம்.

பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். மார்ச் 31 ஒரு திட்டத்தின் செலவுக் கணக்குக்கான தேதி. யாரும் ஊரைக் காலிசெய்ய வேண்டிய தேதி அல்ல. வன உரிமை மனுக்களுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கிராமசபை அழைப்பு விட்டதிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனுக்களை வாங்க வேண்டும் என்று விதி சொன்னாலும், அந்தக் காலத்தை நீட்டிக்கும் அதிகாரம் கிராமசபையின் கையிலேயே இருக்கிறது.

ஜன்மன் என்பது, அரசு மொழியில், ‘குறிப்பாகப் பலவீனமான பழங்குடிக் குழுக்களின்’ குடியிருப்புகளுக்கு வீடு, சாலை, குடிநீர், விடுதி, அங்கன்வாடி, செல்போன் கோபுரம் என 9 அமைச்சகங்கள் 11 பணிகளைச் சேர்ந்து செய்யும் இயக்கம். 2023 நவம்பர் 15-இல் ஜார்க்கண்டின் குந்தியில் தொடங்கியது. மொத்த மதிப்பீடு 24,104 கோடி ரூபாய். நாடு முழுக்க இப்படி 75 குழுக்கள். தமிழ்நாட்டில் ஆறு, அந்த ஆறும் நீலகிரியில் வாழ்பவர்கள். இந்தப் பட்டியலில் சேர்க்க அரசு வைத்த அளவுகோல்களில் ஒன்று, உழவுக்கு முந்தைய தொழில்நுட்பம். இரும்படித்து, பானை வனைந்து, மலை முழுவதற்கும் கருவி கொடுத்துவந்த கோத்தர்கள் அதில் எப்படி அடங்கினார்கள் என்பது தனிக்கதை.

வீட்டுக்கான மத்தியக் கணக்கு 2.39 லட்சம். அதில் 2 லட்சம் கட்டுமானத்துக்கு, 12,000 கழிப்பறைக்கு, மீதி 90 நாள் வேலை உறுதிக் கூலி. தமிழக அரசு தன் பங்குக்கு மேலும் தொகை சேர்க்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் இதை மக்களே முன்னின்று நடத்தும் திட்டம் என்று மேடையில் சொல்லும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 11 பணிகளின் பட்டியல் டெல்லியில் எழுதப்பட்டது. பன்னிரண்டாவதாக, ‘எங்கள் எல்லோர் பெயரிலும் சேர்த்து நிலம் வாங்கிக் கொடுங்கள்’ என்று ஒரு பாடி (ஆதிவாசிக் குடியிருப்பு) கேட்டால், அதைப் பதிவுசெய்ய அந்தப் பட்டியலில் தலைப்பு கிடையாது.

இனி அந்தப் 15 லட்சம். கடிதங்களில் அதிகம் குழப்பியது இதுதான். உட்கார்ந்து பார்க்க வேண்டியதும் இதுதான்.

இது ஜன்மன் பணம் அல்ல. புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியிலிருந்து ‘தன்னார்வமாக’ வெளியேறுவோருக்கான தொகுப்பு. 2008-இல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டுதலில் 10 லட்சமாக இருந்தது. 2021-இல் 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. இரண்டு தெரிவுகள் உண்டு. முதலாவது: முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, வேறு இடம் தேடிப் போவது குடும்பத்தின் பொறுப்பு. இரண்டாவது: வனத்துறையே வேறு இடத்தில் குடியமர்த்துவது. இந்த இரண்டாவதில் பணம் எப்படிப் பிரிகிறது என்பதை வாசகர்கள் ஒருமுறை கவனமாகப் படிக்க வேண்டும். 35 விழுக்காடு, 2 ஹெக்டேர் விவசாய நிலம் வாங்கிச் சீர்படுத்த. 30 விழுக்காடு, உரிமைகளைத் தீர்த்துவைக்க. 20 விழுக்காடு, மனைக்கும் வீட்டுக்கும். 5 விழுக்காடு ஊக்கத்தொகை. மீதி 10 விழுக்காட்டில் சாலை, பாசனம், குடிநீர், மின்சாரம், சமூகக்கூடம், கோயில், சுடுகாடு அத்தனையும்.

10 லட்சக் கணக்கில் பார்த்தால் ஐந்து ஏக்கர் நிலத்துக்கு மூன்றரை லட்சம். கூடலூரில் அந்த விலைக்கு ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் யாராவது இருந்தால், அவர் விற்க மாட்டார். காட்டின் மீது ஒரு குடும்பத்துக்கு இருந்த உரிமைகள் எல்லாமாகச் சேர்த்து மூன்று லட்சம். தேன், விறகு, மேய்ச்சல், சாமி இருக்கும் இடம், முன்னோரைப் புதைத்த இடம் என்று அந்த உரிமைகளின் பட்டியல் நீளும். விலைச்சீட்டு மட்டும் ஒரே வரியில் முடிகிறது.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது ‘குடும்பம்’ என்ற சொல்லுக்கு வழிகாட்டுதல் கொடுக்கும் கணக்கு. 18 வயது முடிந்த மகன், மணமானாலும் ஆகாவிட்டாலும், தனிக் குடும்பம். 18 வயது கடந்த, மணமாகாத மகளும் தனிக் குடும்பம். கணவனை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், மாற்றுத்திறனாளி, பெற்றோரை இழந்த குழந்தை என ஒவ்வொருவரும் தனித்தனிக் குடும்பம். ஏழையின் கண்ணோட்டத்தில் இது தாராளம்தான். அப்பா, அம்மா, வயது வந்த இரண்டு மகன்கள், மணமாகாத ஒரு மகள் இருக்கும் ஒரே குடிசை, வெளியேறினால் நான்கு குடும்பம், 60 லட்சம். அங்கேயே தங்கி வீடு கேட்டால் அதே குடிசை ஒரே குடும்பம், ஒரே வீடு.

இரண்டும் வெவ்வேறு நோக்கத்துக்கான பணம், ஒப்பிடக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லலாம். ஒன்று வீட்டுக்கு, மற்றது வீடு, நிலம், வாழ்வாதாரம் எல்லாவற்றுக்கும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பாடியில் இருப்பவர் ஒப்பிடாமல் இருப்பாரா? மாநில அரசு சேர்க்கும் தொகையைக் கூட்டினாலும், தங்குவதற்கும் போவதற்குமான இடைவெளி அப்படியேதான் இருக்கிறது.

அடுத்து, சம்மதம். வன உரிமைச் சட்டத்தின் 4(2)-ஆம் பிரிவு, வனவிலங்குகளுக்கான முக்கிய வாழிடத்திலிருந்து ஆட்களை வெளியேற்ற வரிசையாக நிபந்தனைகள் போடுகிறது. உரிமைகளை அங்கீகரிக்கும் வேலை முடிந்திருக்க வேண்டும். மக்கள் இருப்பதால் மீளமுடியாத சேதம் உண்டு என்பதை அரசு நிறுவ வேண்டும். சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்று முடிவுக்கு வந்திருக்க வேண்டும். கிராமசபை விவரம் அறிந்து, எழுத்தில் சம்மதம் தர வேண்டும். போகும் இடத்தில் நிலமும் வசதிகளும் தயாராகும்வரை ஒருவரையும் நகர்த்தக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் புலிகள் காப்பகங்களுக்கு ஏறக்குறைய இதையே சொல்கிறது.

முழுப் பணத்தையும் கையில் கொடுக்கும் முதல் தெரிவில் இந்தக் கடைசி நிபந்தனை என்ன ஆகிறது? போகும் இடம் என்று அரசு எதையும் காட்டாதபோது, அங்கே வசதி தயாரா என்று சரிபார்க்க எதுவும் இல்லை. ஊர் கூடிச் சொல்ல வேண்டிய சம்மதம், தனித்தனி வங்கிப் பாஸ்புத்தகங்களாகப் பிரிந்துவிடுகிறது. தொகையில் கணிசமான பகுதியைத் தேசியமயமான வங்கியில் வைப்பாக வைத்து வட்டி வரச் செய்ய வேண்டும், ஆட்சியர் கண்காணிக்க வேண்டும், குடும்பங்களுக்கு வெளி அமைப்புகள் துணை நிற்க வேண்டும் என்று வழிகாட்டுதலில் எழுதித்தான் இருக்கிறது. நீலகிரியின் முதுமலைப் புலிகள் காப்பகத்திலிருந்து வெளியேறிய காட்டுநாயக்கர் குடும்பங்களிடம் நிலம் வாங்கித் தருவதாகச் சொல்லி மறுவாழ்வுப் பணத்தைச் சுருட்டியதாகப் புகார்கள் எழுந்து, போலீஸ் வழக்கும் பதிவானது. துணை நிற்க வந்தவர்கள் யார் என்பது இதிலிருந்து ஓரளவு தெரிகிறது.

முதுமலையின் தேதிகளும் கவனிக்கத்தக்கவை. 321 சதுர கிலோமீட்டர் மையப் பகுதியை முக்கியப் புலி வாழிடம் என்று தமிழக அரசு ஆணையிட்டது 2007 டிசம்பர் 28. வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது டிசம்பர் 31. ஆனைமலைக்கும் களக்காடு-முண்டந்துறைக்கும் அதே டிசம்பர் 28-தான். தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். மறு ஆண்டே சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் தமிழகத்தில் வன உரிமைப் பட்டயம் வழங்குவது முடங்கியது. 2016-இல் உச்ச நீதிமன்றம்தான் தடையை நீக்கியது. ஆக, 4(2)-இன் முதல் நிபந்தனையே எட்டு ஆண்டு இங்கே நிறைவேற வழியில்லாமல் இருந்தது.

கதையில் வில்லன் ஒருவர்தான் என்று எண்ணிவிட வேண்டாம். முதுமலை ஊராட்சியின் பெண்ணை, நெல்லிக்கரை போன்ற ஊர்களில் யானையும் பன்றியும் பயிரை அழிப்பதால் எங்களை வெளியேற்றுங்கள் என்று கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் அந்த ஊர்க்காரர்களே. அவர்களில் நிலம் வைத்திருந்த செட்டி விவசாயிகள் உண்டு. அந்த நிலத்தில் கூலிக்குப் போன பணியர்களும் உண்டு. நிலக்காரர் போனால் கூலிக்காரருக்கு வேலை போகிறது. அதற்குப் பிறகு அவர் ‘தன்னார்வமாக’ப் போகிறார்.

கோத்தகிரி வட்டத்தின் தெங்குமரஹடாவில் வேறு வகைச் சிக்கல். உணவுப் பஞ்ச காலத்தில், 1948-இல், கூட்டுறவு விவசாயச் சங்கத்துக்குக் குத்தகையாகக் கொடுத்த வனநிலம் அது. மூன்று தலைமுறை உழுதும் நிலம் அவர்களுடையதல்ல. அங்குள்ள 495 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம் வீதம் 74.25 கோடியை மறுகுடியமர்வுக்குத் தரும்படி 2023-இல் உயர் நீதிமன்றம் புலிகள் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. நாடு முழுவதிலும் காப்பக மையப் பகுதிகளில் எஞ்சியிருப்பது 591 ஊர், 64,801 குடும்பம் என்று கணக்குச் சொல்லி, வெளியேற்றும் வேலைக்குக் கால அட்டவணை கேட்டு 2024 ஜூனில் அந்த ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

தங்குவதற்கே, அதுவும் சமூகத்தின் பெயரில், அரசுப் பணம் கொடுக்க முடியாதா? முடியும். அமெரிக்காவின் சியாட்டில் மாநகராட்சி 2016 முதல் அதைச் செய்கிறது. வாடகை ஏறி வெளியே தள்ளப்படும் கறுப்பின, பூர்வகுடி, குடியேறிய சமூகங்களின் அமைப்புகளுக்கே நிலமும் கட்டடமும் வாங்க நிதி தருகிறது. அதில் ஒரு பகுதி சுற்றுலாப் பயணிகளுக்கு வீடுகளை நாள்வாடகைக்கு விடுவோரிடம் வசூலாகும் வரி. (ஊட்டியின் காட்டேஜ்களை மனதில் வைத்து இந்த வரியை இரண்டாம் முறை படிக்கும் வாசகர்கள் இருக்கக்கூடும்.) அங்கும் குறைகள் உண்டு. என்றாலும் பணம் போகும் திசை வேறு.

கூடலூருக்கு இந்த யோசனை புதிதல்ல. 1988 டிசம்பரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் நில உரிமைக்காகக் கூடலூரில் பேரணி நடத்தியது. பின்னர் மீட்ட நிலங்களில் தேயிலை நட்டார்கள். காரணம் எளிது: ராகியை ஒரு பருவத்தில் பிடுங்கி எறியலாம்; பல ஆண்டு நிற்கும் தேயிலைச் செடி, இந்த நிலம் யார் அனுபோகத்தில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. எந்தப் பயிர் அவர்கள் காட்டைத் தின்றதோ அதையே வேலியாக்கினார்கள். மதுவனம் தேயிலைத் தோட்டம் இன்று சங்கத்தின் பொதுச் சொத்து. அதை வாங்க உதவியது வெளிநாட்டு நன்கொடை. ஜன்மன் பட்டியலில் அப்படி ஒரு தலைப்பு இல்லை என்பதை மேலே பார்த்தோம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பட்டா இல்லாத இடத்தில் ஜன்மன் வீடு கிடைக்குமா? சிக்கல்தான்; 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின்படி உரிமை இன்னும் முடிவாகாத ‘செக்சன் 17’ நிலத்தில் இருப்பவர்கள் தாசில்தாரிடம் வீட்டுக்கும், கிராமசபையில் வன உரிமைக்கும் தனித்தனியே மனுக் கொடுப்பது நல்லது.

நாங்கள் பேரூராட்சியில் இருக்கிறோம், எங்களுக்கு ஏது கிராமசபை? பழைய வனக் குடியிருப்புகளும் அளக்கப்படாத ஊர்களும் வன உரிமைச் சட்டத்தில் ‘கிராமம்’தான், பாடி கூடினால் அதுவே கிராமசபை என்று வாதாட இடமுண்டு.

காட்டுக்குள் அங்கன்வாடி, குடிநீர்த் தொட்டி, சாலை கூடாது என்று ரேஞ்சர் சொல்கிறார். 3(2)-ஆம் பிரிவைக் காட்டுங்கள்: ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராமசபைப் பரிந்துரையோடு என்றால் சட்டம் அனுமதிக்கிறது.

இலங்கையிலிருந்து வந்த, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் (டேன்டீ) தொழிலாளர்களுக்கு? இவற்றில் எதுவும் இல்லை. பழங்குடி அல்லாதோர் வன உரிமை கேட்க 2005 டிசம்பர் 13-க்கு முன் 75 ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அவர்களைக் கொண்டுவந்த ஒப்பந்தமே 1964-இல்தான் கையெழுத்தானது.

படகர்களுக்கு? பழங்குடிப் பட்டியலில் இல்லை, ஆகவே ஜன்மனிலும் இல்லை.

மனு தள்ளுபடியானால்? கிராமசபை முடிவை எதிர்த்து 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவுக்கு, அதன் முடிவை எதிர்த்து இன்னொரு 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கு.

15 லட்சத்துக்குக் கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தால்? இரண்டு தெரிவுகளில் எது என்பதை எழுத்தில் கேளுங்கள். கிராமசபைத் தீர்மானத்தின் நகலையும், உங்கள் வன உரிமை மனு என்ன நிலையில் இருக்கிறது என்ற கடிதத்தையும் கேளுங்கள். மூன்றும் கைக்கு வரும்வரை பேனாவைத் தொட வேண்டாம்.