இரண்டு ஓட்டில் திறந்த கதவு

1992 நவம்பர் 11. பெண்களுக்குக் குருப்பட்டம் தரலாமா என்று இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை லண்டனில் ஓட்டெடுப்பு நடத்தியது. இயேசுவின் பன்னிரு சீடர்களும் ஆண்களே என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். பேராயர்களும் குருமார்களும் தாராளமாகவே ஆதரித்தனர். பொதுமக்கள் பிரதிநிதிகளின் அவையில்தான் இழுபறி: ஆதரவு 169, எதிர்ப்பு 82. இரண்டு பேர் மனம் மாறியிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்காது.

அந்த நாளைக் காண ஃப்ளாரன்ஸ் லீ டிம்-ஓய் உயிரோடு இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் கனடாவில் காலமாகிவிட்டார். ஆங்கிலிக்கன் சபைகளின் முதல் பெண் குரு அவர். உலகப் போரின்போது, மக்காவ் சபையாருக்குத் திருவிருந்து கொடுக்கக் குருவானவர் யாரும் போய்ச்சேர முடியாத நிலை. 1944 ஜனவரியில் ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால் அவருக்குப் பட்டம் கொடுத்தார். போர் முடிந்த பிறகுதான் மேலிடத்துக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. பேராயருக்குத் தொல்லை வேண்டாமென்று 1946-ல் குருப்பணி செய்யும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார் லீ. பட்டத்தை மட்டும் விடவில்லை. சீனாவில் ஆலயங்கள் மூடப்பட்ட ஆண்டுகளில் பண்ணையிலும் தொழிற்சாலையிலும் உழைத்தார். 1971-ல் ஹாங்காங்கில் இரு பெண்கள் குருவானபோதும் அவர் சீனாவில்தான் இருந்தார்.

தென்னிந்தியத் திருச்சபை லண்டனுக்காகக் காத்திருக்கவில்லை. 1976-லேயே பெண்ணுக்கு ஆயர் பட்டம் கொடுத்துவிட்டது. ஆனால் பேராயர் நாற்காலிக்கு மேலும் 37 ஆண்டுகள் பிடித்தன: 2013-ல் நந்தியால் பேராயரானார் புஷ்பலலிதா.

இங்கிலாந்து இதில் பின்தங்கியது. 2015 ஜனவரியில், யார்க் பேராலயத்தில் லிபி லேன் பேராயராக அபிஷேகம் பெற்றபோது, இது பைபிளில் இல்லை என்று ஒருவர் எழுந்து கூவினார். யார்க் தலைமைப் பேராயர் சபையாரின் சம்மதத்தை மறுபடியும் கேட்டார். பதில் முன்னைவிட உரக்க வந்தது.