என் கையில் சுற்றிய பிரஷர் பட்டை

2008-ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓட ஆரம்பித்த வருஷம்தான் நானும் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்தேன். "சிஸ்டர், சீக்கிரம் வாங்க!" என்று குரல் கேட்டால் பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு ஓட வேண்டியதுதான். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பும். பாத்ரூம் போக நேரமிருக்காதே என்று தண்ணீரே குடிக்காமல் இருந்த நாட்கள் எத்தனையோ! குழந்தை ஒன்று கைமீறிப் போனாலும், கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போயாக வேண்டும்.

ஒரு விடியற்காலை தலை சுற்றியது. கூட இருந்த பெண் பிரஷர் பார்த்தாள். 170/110! "அக்கா, பேஷண்டா இருந்தா இந்நேரம் படுக்க வெச்சிருப்பீங்க" என்றாள். சுருக்கென்றது.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஊறுகாயை நானே நிறுத்தினேன். ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன் உப்புதானாமே! டீயும் நள்ளிரவு வரைதான். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதிலுள்ள காஃபீனில் பாதி உடம்பிலேயே இருக்குமாம். பகலில் தூக்கம் எங்கே வரும்? ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டேன். ("பட்டப்பகலில் என்ன தூக்கம்?" என்று மாமியார் கேட்டதும் உண்டு!)

எல்லாவற்றையும்விடக் கைகொடுத்தது, நாங்கள் ஜோடி ஜோடியாகச் செய்துகொண்ட ஏற்பாடு. "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்று ஆளுக்குப் பத்து நிமிஷம். சாப்பிடலாம், அழலாம், சும்மா உட்காரலாம்.

யாராவது லீவு போட்டால் ஜோடி கிடையாது. அன்றைக்கு டப்பா மறுபடி அப்படியே வீட்டுக்கு வருகிறது.