தருமபுரியிலிருந்து வானம் எவ்வளவு தூரம்?

தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் என்று விமானம் ஏறுகிறவர்கள் இங்கும் உண்டு. ‘பிளேன்ல எத்தனை மணி நேரம்?’ என்பதுதான் அவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி. டிக்கெட்டைப் பார்த்து உடனே பதில் சொல்லிவிட முடியாது.

2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருவுக்கு ஏர் இந்தியா நேரடி விமானம் விட்டது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில், விமானிகள் எல்லோரும் பெண்கள். 9-ம் தேதி இரவு அங்கே கிளம்பி, 11-ம் தேதி அதிகாலை இங்கே இறங்கினார்கள். தேதியைப் பார்த்தால் ஒரு நாளுக்கும் மேல். பறந்ததோ சுமார் 17 மணி நேரம். குளிர்காலத்தில் அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட 13½ மணி நேரம் பின்தங்கியிருக்கும். டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் இந்திய நேரத்துக்கு மாற்றிக் கழித்தால்தான் சரியான கணக்கு வரும்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்த் தூரம் ஏறக்குறைய 14,000 கி.மீ. உலகப் படத்தைப் பார்த்தால் பசிபிக் கடல் வழியாகக் கோடு போடத் தோன்றும். அவர்கள் வந்ததோ வட துருவத்தின் மேலாக. ஒரு பந்தின்மேல் இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடித்தால் அந்தக் குறுக்குவழி விளங்கிவிடும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்றுக்கும் இதில் பங்குண்டு. அது பின்னாலிருந்து தள்ளினால் நேரம் குறையும். எதிர்த்து வீசினால் கூடும்.

இனி தரைக்கு வருவோம். தருமபுரியிலிருந்து பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையம் சுமார் 170 கி.மீ. கிருஷ்ணகிரி, ஓசூர் வரை நெடுஞ்சாலையில் வண்டி ஓடிவிடும். பிறகு பெங்களூருவைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்க வேண்டும். அங்கே சில்க் போர்டு, ஹெப்பால் சந்திப்புகளின் நெரிசல் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சாலைக்கு நான்கு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் என்று வைத்தாலும் ஏழு ஆகிறது. அங்கிருந்து துபாய்க்குப் பறக்க நான்கு மணி நேரம்தான்.

தொப்பூர் கணவாயைத் தாண்டினால், சுமார் 50 கி.மீ. தூரத்தில் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. 2018-ல் மத்திய அரசின் உடான் திட்டத்தில் அங்கிருந்து சென்னைக்கு விமானம் பறந்தது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் சேவை வந்தது. ஆனால் அது உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டுமே உதவும்.

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமையும் என 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. பெங்களூரு நிலையத்தைச் சுற்றி 150 கி.மீ.க்குள் 2033 வரை புதிய சர்வதேச விமான நிலையம் கூடாது என்ற ஒப்பந்த விதி குறுக்கே நிற்கிறது. மத்திய, மாநில அரசுகள் இதைப் பேசித் தீர்க்க வேண்டும். ஓசூரில் விமானம் இறங்கினால், தருமபுரிக்காரர் பெங்களூரு நெரிசலில் சிக்காமல் நூறு கி.மீ.க்குள் விமானம் ஏறிவிடலாம்.

அதுவரை பயண நேரத்தை உங்கள் வீட்டு வாசலிலிருந்தே எண்ணுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.