ஆய்வின் சமூகப் பயனும் மாற்று அளவீடுகளும் - ஒரு நோக்கு

ஓர் ஆய்வுக் கட்டுரையின் மதிப்பை, அதனைப் பிற ஆய்வாளர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்பதைக் கொண்டு கணிக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. யூஜின் கார்ஃபீல்ட் 1955 இல் முன்மொழிந்த மேற்கோட் சுட்டியும், 1975 முதல் வெளியிடப்பட்டுவரும் சஞ்சிகைத் தாக்கக் காரணியும் இவ்வழக்கத்தின் அடிப்படைகளாகும். இம்முறையில் இரு குறைபாடுகள் உள. மேற்கோள்கள் திரள்வதற்கு ஆண்டுகள் பல செல்லும் என்பது ஒன்று. மருத்துவர், ஆசிரியர், தொழிற்சங்கத்தினர், சட்டமியற்றுவோர் ஆகியோர் ஆய்வைப் பயன்படுத்தியமையை அது காட்டாது என்பது மற்றொன்று.

இக்குறைகளை நிரப்பும் நோக்குடன் ஜேசன் பிரீம் முதலிய நால்வர் 2010 ஒக்ரோபரில் வெளியிட்ட அறிக்கையே மாற்று அளவீட்டு இயக்கத்தின் தொடக்கம் எனலாம். இதன் செயன்முறை எளிது. ஒவ்வொரு கட்டுரைக்கும் 'டீ.ஓ.ஐ.' எனும் நிலையான அடையாள எண் வழங்கப்படுகின்றது. செய்தித்தாள்கள், சமூக ஊடகங்கள், விக்கிபீடியா, அரசாங்கக் கொள்கை ஆவணங்கள் ஆகியவற்றில் அக்கட்டுரை எங்கெங்கு சுட்டப்படுகின்றது என்பதைக் கணினி திரட்டுகின்றது. இலண்டனில் 2011 இல் தொடங்கப்பட்ட அல்ட்மெட்ரிக் நிறுவனம், செய்தித்தாட் குறிப்புக்குச் சமூக ஊடகக் குறிப்பிலும் பன்மடங்கு நிறை அளித்து, கூட்டுத்தொகையை ஒரு வண்ண வளையத்தினுள் எண்ணாகக் காட்டுகின்றது.

இவ்வெண் எதனை அளக்கின்றது? கவனத்தை அளக்கின்றது, புகழ்ச்சியையும் மறுப்பையும் அது வேறுபடுத்துவதில்லை. கொவிட் நோய்க்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின் பயன்தரும் எனக் கூறிய மார்செய் நகர ஆய்வாளரின் கட்டுரை 2020 மார்ச்சில் வெளியாயிற்று. முப்பத்தாறு நோயாளரையே அடிப்படையாகக் கொண்ட அக்கட்டுரையை அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ருவிற்றரிற் பாராட்டியதும் அது உலகெங்கும் பரவியது. 2024 டிசெம்பரில் அது மீளப்பெறப்பட்டது. பரவலும் உண்மையும் ஒன்றல்ல என்பதற்கு இது தக்க சான்றாகும்.

எனினும் எண்ணை விடுத்து, அதன் பின்னுள்ள குறிப்புகளைப் படிப்போர்க்கு இம்முறை பெரிதும் பயன்படும். பொசுபரசுக்குப் பதிலாக ஆசனிக்கைக் கொண்டு வாழும் பற்றீரியா பற்றிய கட்டுரை 2010 டிசெம்பரில் வெளியானபோது, அறிவியலாளர் தம் வலைப்பதிவுகளிற் சில நாட்களுள்ளேயே அதன் குறைகளை எடுத்துரைத்தனர். முறைப்படியான மறுப்புகளோ 2011 இலேயே அச்சேறின. கட்டுரை 2025 இல் மீளப்பெறப்பட்டது.

அளவுகோல் எவர் கையில் உள்ளது என்பதும் நோக்கற்பாலது. இத்துறையின் மற்றொரு நிறுவனமான பிளம் அனலிற்றிக்சை, சஞ்சிகை வெளியீட்டு நிறுவனமாகிய எல்செவியர் 2017 இல் விலைக்கு வாங்கியது. அதாவது, விற்பவரே தம் பண்டத்தை நிறுப்பவரும் ஆயினர். ருவிற்றர் 2023 இல், ஆய்வாளர்க்கு இலவசமாக வழங்கிய தரவுகளை நிறுத்திக்கொண்டது.

மொழிச் சமத்துவமின்மை இதனினும் பாரதூரமானது. அடையாள எண் இன்றித் தமிழில் அச்சேறும் கட்டுரை, ஓராயிரம் ஆசிரியராற் படிக்கப்பட்டு வகுப்பறையிற் பயன்பட்டாலும், வளையத்தின் கணக்கில் அதற்கு இடமில்லை. பதவி உயர்வு இக்கணக்கைச் சாருமாயின், மக்கள் மொழியில் எழுதுவோர் தண்டிக்கப்படுவர்.

அளவீடுகள் அறிஞரின் தீர்ப்புக்குத் துணையாதல் வேண்டுமென்றும், உள்ளூர்த் தேவை சார்ந்த ஆய்வுகள் பேணப்பட வேண்டுமென்றும் 2015 இன் லைடன் அறிக்கை வலியுறுத்தியது. இவ்விரண்டையும் நாம் ஏற்கின்றோம். நமது சஞ்சிகைகளுக்கு அடையாள எண் பெறுவதோடு, ஓர் ஆய்வை மதிப்பிட முற்படுவோர் முதலில் அதனை முழுமையாகப் படித்தல் வேண்டும் என்பதையும் நாம் வற்புறுத்துதல் அவசியமாகும்.