ஒளிப்படக் கமராவும் வில்லையும் தேர்தல்: யட்டியாந்தோட்டையிலிருந்து சில குறிப்புகள்

யூபிலி மலருக்கு யாதேனும் எழுதுக என மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, கல்லூரிக் காலத்து நினைவுகளை எழுதுவார் பலர் உளர் என்பதனால், விடுமுறை நாட்களில் எம்மை ஆட்கொண்டுள்ள பொழுதுபோக்கொன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். உயர்வகுப்பு மாணவர் சிலரும், அண்மையில் உத்தியோகம் பெற்ற பழைய மாணவர் சிலரும், “டிஜிற்றல் கமரா ஒன்று வாங்க எண்ணியுள்ளோம், எதனை வாங்கலாம்?” என எம்மிடம் வினவுவதுண்டு. தெருவில் நின்று விடை கூறத்தக்க வினாவன்று அது. ஆகவே ஈண்டு சற்றே விரித்துரைக்கின்றோம்.

நாம் வாழும் யட்டியாந்தோட்டை, கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்கு ஏறும் வீதியில், களனி கங்கைப் பள்ளத்தாக்கில் உள்ளது. சரிவுகளில் றப்பர்; உயர ஏற ஏறத் தேயிலை. ஆண்டொன்றுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை. சில மைல் மேலேயுள்ள கித்துல்கலவில்தான் 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்திற்கென ஆற்றின் குறுக்கே மரப்பாலம் கட்டித் தகர்த்தார்கள். இத்தகைய இயற்கை வனப்பிடையே வாழ்பவன் கமரா வாங்கினால், ஆற்றையும் மலையையும் பறவையையும் படம்பிடிக்கவே முதலில் ஆசைப்படுவான். நாமும் அவ்வாறே ஆசைப்பட்டு, சேமிப்பிற் பெரும்பகுதியைச் செலவிட்டு, தொலைவிலுள்ளவற்றை அண்மையிற் காட்டும் 70–300 மில்லிமீற்றர் வில்லை ஒன்றைப் பழைய பொருட்கடை ஒன்றில் வாங்கினோம். அதனால் விளைந்ததைப் பின்னர்க் கூறுவோம்.

ஒருநாள் மாலை, பால்வெட்டித் தம் வாழ்நாளைக் கழித்த முதியவர் ஒருவரை, அவர் லயத்து அடுப்படியில் வைத்துப் படமெடுத்தோம். கமராவுடன் கூடவே விற்கப்படும் 18–55 மில்லிமீற்றர் வில்லையே அப்போது பொருத்தியிருந்தது. கதவு வழி வந்த ஒளி மிகச் சிறிது. ஒளிவாயில் விநாடியில் எட்டிலொரு பங்கு நேரம் திறந்திருந்தமையால், பாட்டியார் ஏதோ கூறிச் சிரித்தபோது முகம் முழுவதும் கலங்கிப் போயிற்று. அடுப்பு மட்டும் தெளிவாக விழுந்தது. பின்னொருநாள் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். அப்பின்னாள் வரவில்லை. இறுதிச் சடங்கன்று அவர் வீட்டார் பெரிதாக்கி மாலையிட்டு வைத்த படம், தேசிய அடையாள அட்டைக்கென எடுக்கப்பட்டதாகும்.

இஃது அவ்வீட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 1964 அக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குச் சென்ற குடும்பங்களைப் பற்றி எம் அயலவரிடம் கேட்டால், ‘பெரியப்பா படம்’ என்று காட்டுவது பெரும்பாலும் கடவுச்சீட்டுக்கென எடுத்த முத்திரையளவுப் படத்தின் பிரதியே. இன்னும் பின்னோக்கினால் அதுவுமில்லை. புகழ்பெற்ற ஆங்கில ஒளிப்படக் கலைஞரான யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் திக்கோயாவில் உயிர்நீத்து, பொகவந்தலாவைத் தேவாலய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். (தம் 48ஆம் வயதிலேயே முதற் கமராவைப் பெற்றவர் அவர் என்பதை, ‘இனி எமக்கேன்’ எனக் கூறும் மூத்த பழைய மாணவர் கவனிப்பாராக.) அவர் 1878இல் எடுத்த படமொன்றில் நிற்பவர்களுக்கு, ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்பதற்கு மேல் பெயரொன்றும் தலைப்பில் இல்லை.

ஆதலால், ‘எந்தக் கமரா?’ என்று வினவுவாரிடம், ‘யாரை, எங்கே, எந்த ஒளியில் எடுக்கப் போகின்றீர்?’ என்றே நாம் மறுவினா எழுப்புகின்றோம். நண்பகலில் வெட்டவெளியில் எடுப்பதாயின் கையிலுள்ள கைத்தொலைபேசியே போதும். வேறு செலவு வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டு, றப்பர் நிழல், லயத்து அறை, கோயில் விளக்கொளி ஆகியவற்றிலேதான் கமராவின் தரம் சோதிக்கப்படுகின்றது. அங்கே முதலிற் கைகொடுப்பது வில்லை. கமராவின் உடல் அதற்கு அடுத்ததே.

வில்லையின் மேல் ‘எஃப்’ என்னும் எழுத்துடன் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண் சிறுக்கச் சிறுக்க ஒளி புகும் துவாரம் பெருக்கும். மேற்கூறிய 18–55 வில்லை, தன் நீண்ட முனையில் எஃப் 5.6 அளவே திறக்கும். எஃப் 1.8 திறக்கும் வில்லையோ அதனைப் போல ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உட்கொள்ளும். எட்டிலொரு விநாடி வேண்டிய இடத்தில் எண்பதிலொரு விநாடி போதும் என்பது இதன் பொருள். பாட்டியார் சிரித்தாலும் முகம் கலங்காது. கை நடுக்கத்தைத் தணிக்கும் பொறி எங்கள் வில்லையில் உண்டு என விற்பனையாளர் கூறுவர். உண்மைதான், ஆயின் அது நம் கை நடுக்கத்தையே தணிக்கும், எதிரே இருப்பவரின் அசைவைத் தடுக்காது.

எஃப் 1.8 வில்லைகளுள் மலிவானது 50 மில்லிமீற்றர் வில்லை. அதனையே வாங்குக எனப் பலரும் கூறுவர். ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய 35 மில்லிமீற்றர் படச்சுருளின் சட்டம் 36க்கு 24 மில்லிமீற்றர். நம்மனோர் வாங்கத்தக்க கமராக்களின் உணரி அதனிற் சிறியது. அகலம் ஏறக்குறைய 23.5 மில்லிமீற்றர். எனவே அதில் 50 மில்லிமீற்றர் வில்லை, பழைய கமராவில் 75 மில்லிமீற்றர் வில்லை காட்டும் காட்சியையே காட்டும். கணக்கிட்டுப் பார்ப்போம். லயத்து அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. சுவரோடு ஒட்டி நின்று பத்தடி தொலைவிலிருப்பவரை எடுத்தால், 50 மில்லிமீற்றர் வில்லையில் நாலே முக்கால் அடி அகலமே அடங்கும். இருவர் அமரலாம், மூன்றாமவர் பாதி வெட்டுப்படுவார். 35 மில்லிமீற்றராயின் ஆறே முக்கால் அடி. 24 மில்லிமீற்றராயின் பத்தடிக்குச் சற்றே குறைவு. ஆகவே எமது அநுபவத்தில், இவ்விடத்துக்கு ஏற்ற முதல் வில்லை எஃப் 1.8 திறக்கும் 35 மில்லிமீற்றரே. குடும்பம் முழுவதும் கூடினால், 18–55 வில்லையைக் குறுகிய முனையில் வைத்து, எல்லாரையும் வாசற்படிக்கு அழைத்துவிடலாம். லயனல் வென்ற் இலங்கை மக்களைப் படம்பிடிக்கக் கையாண்ட கமராக்களுள் ஒன்றான றொலிபிளெக்ஸில் வில்லையை மாற்றவே இயலாது என்பதையும் நினைவூட்டுகின்றோம்.

இனிக் கமராவின் உடல். மெகாபிக்சல் கணக்கில் மயங்குவோர் பலர். 24 மெகாபிக்சல் கமராவின் படம் 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டாலும் 20 அங்குல அகலம் வரும். இம்மலரின் பக்கத்தை அளந்து பார்த்துக்கொள்க. பத்தாண்டு பழைய உடலும் இதற்குப் போதும். பெரிய நிறுவனங்கள் ஆடியற்ற புதிய கமராக்களின் பக்கம் சென்றுவிட்டமையால், டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் ஆடி பொருந்திய கமராக்கள் பழைய சந்தையில் மலிந்துள்ளன. ஒரு டொலர் 200 ரூபாவளவில் நின்ற நிலை 2022 மார்ச்சில் மாறி, மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டிய நாள் முதல், புதியதை வாங்குவது பலருக்கும் எட்டாக் கனியாயிற்று. எனவே பழையதை வாங்குதல் இழுக்கன்று.

ஆயினும் வாய் பொருந்துகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். கனொன் 1987இல் தன் வில்லை வாயை மாற்றியது. அதற்கு முந்திய கனொன் வில்லை புதிய உடலில் நேரே பொருந்தாது. நிக்கோன் 1959இல் அமைத்த வாயையே தன் ஆடிக் கமராக்களில் தொடர்ந்து வைத்திருந்தது. ஆனால் அதன் டி 3000, டி 5000 வரிசைகளில் உடலினுள் இயக்கும் மோட்டார் இல்லாமையால், மோட்டாரற்ற பழைய வில்லைகள் பொருந்தினும் தாமே குவியமாட்டா. கையாலேயே திருகிக் குவிக்க வேண்டும். இரு நிறுவனங்களும் ஆடியற்ற கமராக்களுக்கென 2018இல் புதிய பெரிய வாய்களை அமைத்தன. பழைய ஆடிக் கமரா வில்லைகளை அவற்றில் இணைக்க இணைப்பு வளையம் வேண்டும். அதன் விலையையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க.

முன்னர்க் கூறிய 70–300 வில்லைக்கு வருவோம். வாங்கிய சில திங்களில் அதன் படங்கள் மூடுபனி படர்ந்தாற் போலத் தோன்றின. வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, உள்ளே சிலந்தி நூல் போன்ற பூஞ்சணம் படர்ந்திருந்தது. வாங்கும்போதே அது சிறிது இருந்திருக்க வேண்டும். நாம் பார்க்கத் தெரியாதிருந்தோம். பூஞ்சணம் முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பின்னர்த் துடைத்தாலும் வடு போகாது. ஆகவே பழைய வில்லை வாங்குபவர் ஒரு டோர்ச் விளக்கைக் கொண்டு செல்க. துவாரத்தை முழுதும் திறந்து, பின்புறமிருந்து ஒளியைப் பாய்ச்சி, சாய்த்துச் சாய்த்துப் பார்க்க. நூலோ புள்ளிக் கூட்டமோ தென்படின், விலை எத்துணை மலிவாயினும் திருப்பிக் கொடுத்துவிடுக. கடைக்காரர் ‘தூசிதான்’ என்பார்.

நல்ல வில்லையும் எம்மூர் ஈரத்தில் கெடும். தோலுறையில் இட்டு அலுமாரியில் வைத்தல் மிகத் தீது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். இறப்பர் வளையம் பொருந்திய இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் மணிகளும் சிறிய ஈரப்பதமானியும் இட்டு, ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 50 வரை நிற்குமாறு பார்த்துக்கொள்க. அரிசிக்குள் புதைக்கலாம் என்பாருமுளர். அரிசித் தூள் வில்லை வளையத்துட் புகுவதே அதனாற் கண்ட பலன். நாம் வைத்திருக்கும் மணிகள் உலர்ந்தபோது செம்மஞ்சளாகவும், ஈரமுற்றபோது பச்சையாகவும் நிறம் மாறுவன. பச்சையானதும் மெல்லிய சூட்டில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். தென்மேற் பருவக்காற்று வீசும் மாதங்களில் இரு வாரத்துக்கொருமுறை இது வேண்டியதாகின்றது. வீட்டம்மையார் தம் தாச்சியைத் தர மறுத்துவிட்டார். அவர் மறுத்ததே சரி; இரசாயனம் கலந்த மணிகளைச் சமையற் பாத்திரத்தில் வறுத்தல் ஆகாது. இதற்கெனவே சிறிய தகரச் சட்டியொன்றைச் சந்தையில் வாங்கி வைத்துள்ளோம்.