பின்சீட்டில் ஏன் இந்தக் குலுக்கல்?

"என்னங்க, மெதுவாப் போங்க! இடுப்பு கழண்டுடும் போல இருக்கு!"

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகும் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஓட்டுகிற கணவருக்கு ஆச்சரியம். "ரோடு நல்லாத்தானே இருக்கு!" என்கிறார்.

இருவர் சொல்வதும் உண்மைதான். கணவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி இருப்பதோ பின்சக்கரத்துக்கு மேலே. அந்தச் சக்கரம் வாங்கும் அடி அவர் முதுகில் இறங்குகிறது.

சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-ல் திறக்கப்பட்டது. வெயிலில் கான்கிரீட் விரியும், குளிரில் சுருங்கும். அதற்காகப் பாலத்தில் இடைவெளி விட்டு இணைப்புகள் வைத்தார்கள். அவை தேய்ந்தபோது வண்டிகள் தூக்கிப் போட்டன. 2022 நவம்பரில் பாலத்தை மூடிப் பழுது பார்த்து, 2023 மார்ச்சில் திறந்தார்கள்.

பாலத்தைச் சரி செய்தாயிற்று. வண்டியை?

இரண்டு வேலைக்காரர்கள்

முற்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. சீட்டுக்கு அடியில் மட்டும் இருக்கும். 1948-ல் இங்கிலாந்தின் 'ராயல் என்பீல்டு புல்லட்', மேலும் கீழும் அசையும் பின்சக்கரத்தோடு போட்டிகளில் இறங்கியது. அந்த ஆண்டு இத்தாலியில் நடந்த ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் புல்லட்டும் இருந்தது. 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது.

ஷாக் அப்சார்பரில் இரண்டு வேலைக்காரர்கள் உண்டு. ஒன்று ஸ்பிரிங், மற்றொன்று உள்ளே இருக்கும் எண்ணெய். ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கும். விட்டால் வண்டி பந்துபோல் துள்ளும். எண்ணெய் சிறு துளைகள் வழியே மெதுவாகப் போய்வந்து அந்தத் துள்ளலை அடக்கும். எண்ணெய் கசிந்துவிட்டால் அடக்க ஆள் இல்லை.

பனி மலைகளில் ஏறும் பனி மோட்டார் வண்டிக்கும் இதே கணக்குத்தான். எஞ்சின் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், பின் ஸ்பிரிங்கை ஏறுகிறவர் எடைக்குத் தக்கபடி வைக்க வேண்டும்.

அளந்து பாருங்கள்

இரண்டு பக்கமும் ஷாக் உள்ள வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்சக்கரம் தரையில் படக்கூடாது. சக்கரத்தின் அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஓர் இடம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து இருவரும் உட்காருங்கள். மூன்றாவது ஆள் மறுபடி அளக்கட்டும்.

சக்கரம் மொத்தம் 90 மில்லிமீட்டர் அசையும் வண்டி என்றால், 30 மில்லிமீட்டர் வரை தாழலாம். அதாவது மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் தாழ்ந்தால் பள்ளத்தில் ஸ்பிரிங் முழுதும் அமுங்கி 'டங்' என்று இடிக்கும். முன்சக்கரத்தில் பாரம் குறையும். முன்விளக்கின் ஒளி மேலே எழும்பி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யும். இது விபத்துக்கு வழி!

ஸ்பிரிங்கின் முனையில் படிபடியாக வெட்டிய வளையம் இருக்கும். அதற்கான ஸ்பானரால் திருப்பிப் படியை உயர்த்தலாம். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருப்பது அவசியம். இதனால் ஸ்பிரிங்கின் பலம் கூடாது. தாழ்ந்த பின்பக்கம் உயரும், அவ்வளவுதான். கடைசிப் படியிலும் அதிகம் தாழ்ந்தால் ஸ்பிரிங் போதாது என்று அர்த்தம்.

புதிய ஷாக் வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள். நீளம் பழையதைப் போலவே இருக்கட்டும். மாட்டிய பிறகு செயினின் தொய்வைப் பார்க்க வேண்டும். "ரொம்பக் கெட்டியானது" என்று கடைக்காரர் புகழ்ந்தால் மயங்க வேண்டாம். கெட்டியான ஸ்பிரிங் அமுங்காது. அமுங்காத ஸ்பிரிங் அடியை முதுகுக்கே அனுப்பும்.

ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம் என்பது சட்டம். எந்த ஷாக்கும் அதை மாற்றாது.

திங்கட்கிழமை தனியாக வேலைக்குப் போகும்போது படியைப் பழையபடி இறக்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போய் இறங்கியதும் மனைவியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படி சரியா, இல்லையா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.