மரம் அறுக்கும் மெஷின் பழக யாரிடம் சேர்வது?

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அப்படிப்பட்ட நாட்களில் மரம் அறுக்கும் மெஷின் யாரிடம் இருக்கிறது என்றுதான் ஊர் தேடுகிறது. ஓட்டிப் பழகாதவர்களும் துணிந்து கையில் எடுப்பது அப்போதுதான். புயல் இல்லாத ஆண்டிலும் சவுக்கு வெட்டு உண்டு. பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் காசு கட்டி இந்த வேலையைப் பழக நினைத்தால், கட்டுவதற்கு முன் சிலவற்றை விசாரிக்க வேண்டும்.

மெஷின் விற்கிற கடையில் ஸ்டார்ட் செய்யவும், பெட்ரோலில் ஆயில் கலக்கவும், செயின் மாட்டவும் காட்டுவார்கள். அது விற்பனையோடு சேர்ந்த செயல்விளக்கம். அதைப் பயிற்சி என்று நம்பி நேராக மரத்தடிக்குப் போவதுதான் பெரிய ஆபத்து.

எந்தப் பயிற்சியாளரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “எத்தனாவது நாள் நிற்கிற மரத்தை வெட்ட விடுவீர்கள்?” முதல் நாளே என்று பதில் வந்தால் அங்கே சேர வேண்டாம். பிரிட்டனில் தொடக்கநிலைப் பாடம் பராமரிப்பிலும், தரையில் கிடக்கிற மரத்தைத் துண்டு போடுவதிலும் தொடங்குகிறது. நிற்கிற மரம் அதற்குப் பின்தான், அதுவும் 380 மில்லிமீட்டர் விட்டம் வரைதான். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. செயின் ஓடும் பட்டையின் நுனியில் மேல்பகுதி எதிலாவது பட்டால், மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எத்தும். செயின் பிரேக் இருப்பது அதற்காகத்தான். அது வேலை செய்கிறதா என்று தினமும் பார்ப்பது, தோளுக்கு மேல் தூக்கி அறுக்காமல் இருப்பது, ஏணியில் நின்று அறுக்காமல் இருப்பது எல்லாம் உடம்பில் பதிந்த பிறகுதான் மரம்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு பாடமும் அவசியம். புயலில் சாய்ந்த மரத்தில் ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் அமுங்கியும் இருக்கும். அமுங்கிய பக்கத்தில் ஆழமாக அறுத்தால் மெஷினின் பட்டை சிக்கிக்கொள்ளும். இழுபட்ட பக்கத்தில் அவசரமாக அறுத்தால் கிளை சாட்டையாய் வீசும். தண்டை அறுத்து விட்டதும் வேர்மண்ணோடு அடிமரம் சட்டென்று நிமிர்ந்துகொள்ளும். அதன் குழிக்குள் யாரும் நிற்கக் கூடாது. இதைச் சொல்லித்தராத பயிற்சி கடலூர்க்காரருக்குப் போதாது.

பாதுகாப்பு உடையைப் பயிற்சி நிலையம் தருகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். தலைக்கவசம், முகத்திரை, காதடைப்பு, கெட்டியான பூட்ஸ் மட்டும் போதாது. செயின் பட்டால் உள்ளிருக்கும் நூலிழைகள் வெளிவந்து பல்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்துகிற கால்சட்டையும் வேண்டும். லுங்கியும் செருப்புமாக நிற்பவர் கற்றுத்தரும் இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள்.

எங்கே பழக்குகிறார்கள் என்பதும் முக்கியம். பிச்சாவரம் ஒரு காப்புக்காடு; அங்குள்ள அலையாத்தி மரங்கள் கடற்கரை ஒழுங்காற்று விதிகளிலும் தனிப் பாதுகாப்பு பெற்றவை. அங்கே கிளை வெட்டிப் பழகக் கூட்டிப்போனால் வழக்கு உங்கள் மீதும் பாயும். உரிமையாளர் சம்மதித்த சவுக்குத் தோப்பு வேறு விஷயம். சாலையோரம், ஏரிக்கரை போன்ற அரசு நிலத்து மரமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

“அரசுச் சான்றிதழ்” என்று விளம்பரம் செய்தால், தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சி மன்றம் அங்கீகரித்த அமைப்பு எது, பாடத்தின் குறியீட்டு எண் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் வேளாண்மைப் பொறியியல் துறையிலும் விசாரிக்கலாம். சொன்ன நாள், சொன்ன மெஷின், சொன்ன சான்றிதழ் எதுவும் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். ரசீதும் விளம்பரத் தாளும் கைவசம் இருக்கட்டும்.

பயிற்சி முடிந்து கூலிக்குப் போனால் உரிமை வேறு இடத்தில் தொடங்குகிறது. மரம் வெட்டுவது 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற வேலை. இழப்பீடு தரும் பொறுப்பு 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. வேலைக்கு வைத்த மர வியாபாரியோ ஒப்பந்ததாரரோ “நீயாகத்தானே வெட்டிக்கொண்டாய்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றி வைத்ததாகவோ, குடித்திருந்ததாகவோ நிரூபித்தால், உயிரிழப்பும் நிரந்தர முழு ஊனமும் தவிர்த்த காயங்களுக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். வேகம் குறைகிறது என்று மெஷினின் கைக்காப்பைக் கழற்றச் சொல்லும் மேஸ்திரியிடம் இதைச் சொல்லுங்கள்.

காயம் பட்டால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்தபடி 108-ஐ அழைக்க வேண்டும். அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கும்போது, எங்கே, யாருக்காக, எந்த வேலை செய்கையில் அடிபட்டது என்பதை விபத்துப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். “வீட்டில் விறகு வெட்டும்போது” என்று முதலாளி சொல்லிக்கொடுத்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பின்னால் தொழிலாளர் துறையில் கோருகிற இழப்பீடு அந்த ஒரு வரியில் சிக்கி நின்றுவிடும்.